பெரியவனை வெளியேற்றவா?

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் வாலுவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேளைக்குக் கடை திறக்கிறோம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அங்கே அந்த அளவுக்காவது நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். எழுதுவது என்றேனே தவிர பேனா வாலுவின் கையில் இருக்கிறது. என் கைக்கு ஓரத்தில் குறி போட்டுத்தான் பழக்கம், நான் நாலு வரி எழுதினால் யாரோ செய்த பிழையைத் திருத்துவது போலவே இருக்கிறது என்று உன் அப்பா சொல்வார். ஆகவே நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது, சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். (சேர்த்தால் அடைப்புக்குள் போட்டுவிடுகிறேன் அண்ணா. உள்ளே இருப்பது நான், வெளியே இருப்பது அம்மா. வீட்டிலும் அப்படித்தானே, நான் அறைக்குள், அம்மா கதவைத் தட்டிக்கொண்டு வெளியே.)

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். அன்றைக்கு நீ போனை வைத்த பிறகு நான் கூப்பிட்ட போதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. செய்தி அனுப்பினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். சாப்பிட்டாயா என்றால் கட்டை விரல், இருமல் நின்றதா என்றால் கட்டை விரல், என் மேல் கோபமா என்று கேட்டதற்கும் அதே கட்டை விரல், இதற்கு என்ன அர்த்தம் என்று வாலுவிடம் காட்டினேன், அண்ணன் இப்பல்லாம் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் பேசுறான், அதுவும் ஒரே விரல் என்றாள். கடிதம் என்றால் கிழித்துத்தான் திறக்க வேண்டும், கிழித்தவன் கொஞ்சமாவது படிப்பான், அதனால்தான் இது. அன்று போனில் நான் பாதிதான் சொன்னேன், அந்தப் பாதியும் தப்பாகப் போயிற்று. முதலிலிருந்து சொல்கிறேன், அவசரமில்லாமல் படி.

அப்பா போன பிறகு தட்டச்சுக் கடையை நான்தான் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். முன்பு அவர் தட்டுவார், நான் மெய்ப்புப் பார்ப்பேன். வேண்டாத சொல்லை நான் குறுக்கே கோடு போட்டு அடித்து அனுப்புவேன், அதைக் கைவிட அவருக்கு மனமில்லை என்றால் அடித்த சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். அடித்தது செல்லாது, சொல் அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். எங்கள் சண்டையில் முக்கால்வாசி அந்தப் புள்ளிகளில்தான் நடந்தது, வாய்க்கு வேலை இல்லை. இப்போது நானே தட்டி நானே பார்க்கிறேன், புள்ளி வைக்க ஆள் இல்லாததால் நான் அடித்ததெல்லாம் அடித்ததாகவே போய்விடுகிறது. எப்படி இருக்கிறாய் அம்மா என்று நீ அப்பா காரியம் முடித்துத் திரும்பிப் போன பிறகு ஒரே ஒரு தடவை கேட்டாய், அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் இருக்குமே, இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது, அப்படி இருக்கிறது. அவர் மறைவுச் செய்திக்கு அச்சடித்த அட்டையை நான்தான் மெய்ப்புப் பார்த்தேன். தெரிவித்துக் கொள்கிறோம் என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது, க் போட்டேன். தேதி சரியா என்று பார்த்தேன், சரியாக இருந்தது. அச்சுக்குப் போகலாம் என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அவருடைய கணினி ஒரு நாள் காலையில் எழவில்லை. பொத்தானை அமுக்கினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. திருப்புளியைக் கூப்பிட்டேன். நீ பார்த்ததில்லை, பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை போட்டிருக்கும் கணினி மெக்கானிக், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருப்பதால் வாலு வைத்த பெயர். (அவர் திரும்பிப் போகும்போது திருப்பு, உளி என்று பிரித்துக் கூப்பிட்டேன், ஒரு சிரிப்பும் வரவில்லை. நல்ல மனிதர், காது மட்டும் சந்தி விதி படிக்கவில்லை.) அவன் பெட்டியைத் திறந்து ஊதினான், தட்டினான், முகர்ந்துகூடப் பார்த்தான், கடைசியில் மதர்போர்டு போயிடுச்சுக்கா என்றான். வாலு உடனே, மதர் இங்கதாண்ணே நிக்கிறாங்க, போனது ஃபாதர் என்றாள். அவன் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் திருப்புளியைப் பார்த்தான். நான் சிரித்தேன். சிரித்தது என் காதில் விழுந்தது, அடுத்த அறையில் யாரோ சிரிப்பது மாதிரி. டிஸ்க்கு நல்லாருக்குக்கா, உள்ள இருந்த ஃபைல் எல்லாம் அப்படியே வேற பெட்டியில போட்டுத் தரேன் என்று சொல்லி, பழையதுதான் ஆனால் எங்களுக்குப் புதிது, ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான்.

அதில்தான் ஆரம்பித்தது. எழுதுகிற மென்பொருளைத் திறந்தால் மேலே சிவப்பாக ஒரு பட்டை, இந்த மென்பொருள் செயல்படுத்தப்படவில்லை என்று. கோப்பைத் திறக்கலாம், படிக்கலாம், ஒரு எழுத்தை மாற்ற முடியாது, ஒரு புள்ளி வைக்க முடியாது. எனக்கு அதைப் பார்த்ததும் கோபம்கூட வரவில்லை, நானும் இந்தக் கொஞ்ச காலமாக அந்த நிலையில்தானே இருக்கிறேன், எல்லாவற்றையும் படிக்க முடிகிறது. ஆனால் வக்கீல் குமாஸ்தா எதிரே உட்கார்ந்திருந்தார், அவருடைய மனு பாதித் திருத்தத்தில் நின்றது, மறுநாள் தாக்கல் செய்ய வேண்டும். கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லன்னு ஜட்ஜ்கிட்ட மெடிக்கல் சர்டிபிகேட்டா குடுக்க முடியும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாலு மேசையைத் தட்டி, செயலி செயலற்றுப் போச்சு, சந்தா சண்டைக்கு வந்துருச்சு என்று செய்தி வாசித்தாள். திருப்புளி ஒவ்வொன்றாகப் பார்த்தான். இணையம் வருகிறதா, வருகிறது. மூடித் திறந்தால், அதே சிவப்பு. பெட்டியையே அணைத்துப் போட்டால், அதே சிவப்பு. பிறகு கீழே மூலையில் தேதியைப் பார்த்துவிட்டு, ஐயோ வருஷமே தப்பா இருக்கேக்கா, உள்ள இருக்கிற குட்டி பேட்டரி தீர்ந்துபோனா இது பழைய காலத்துக்குப் போயிடும், தேதி பொருந்தலன்னா ஆக்டிவேசன் ஏத்துக்காது என்றான். பார்த்தேன், பெட்டி காட்டிய வருஷத்தில் அப்பா இருந்தார், நீ இந்த வீட்டில் உன் அறையில் இருந்தாய், வாலுவுக்கு முன்பல் விழுந்திருந்தது. வாலு எட்டித் தேதியைத் திருத்தினாள். பிழை திருத்துவது என் வேலைதான், அந்த ஒரு பிழையைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

தேதி திருந்தியும் பட்டை போகவில்லை. கணக்கில் உள்நுழைய வேண்டுமாம். அப்பாவுக்கு இரண்டு மின்னஞ்சல், ஒன்று கடைக்கு, ஒன்று சொந்தத்துக்கு. நாங்கள் கடை மின்னஞ்சலைப் போட்டுப் போட்டுப் பார்க்க, இந்தக் கணக்கில் சந்தா எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சந்தா சொந்த மின்னஞ்சலில் இருந்திருக்கிறது. சரி, அதற்குக் கடவுச்சொல் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அவர் ஆயுசு முழுக்க ஒற்று விட்டே தட்டிய அந்தச் சொல். (கடவுளிடம் போனவர் கடவுச்சொல்லை மட்டும் இங்கேயே விட்டுப் போனார்.) நான் தட்டினேன், தவறு என்றது. மறுபடி தட்டினேன், தவறு. மூன்றாவது தடவையும் தட்டியதும் பலமுறை தவறாக முயன்றதால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டுள்ளது என்று வந்துவிட்டது. அப்புறம்தான் வாலு என் விரலைக் கவனித்திருக்கிறாள். அம்மா, நீ ஒவ்வொரு தடவையும் ஒற்றைச் சேர்த்து அடிக்கிற என்றாள். எனக்கே தெரியாமல் விரல் திருத்தியிருக்கிறது. அப்பா மாதிரி தப்பா அடிம்மா, தப்பா அடிச்சாத்தான் திறக்கும் என்றாள்.

பூட்டு விடுபடும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று உதவி மையத்தில் கேட்கலாம் என்றான் திருப்புளி, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம் என்று போட்டிருந்தது. வாலு தட்டினாள். அந்தப் பக்கம் யாரோ மிக மரியாதையாக வணக்கம் சொல்லி, கணக்குக்கு உரியவர் அருகில் இருக்கிறாரா என்று கேட்டார். அவர் இல்லைன்னு போடு என்றேன். போட்டாள். பரவாயில்லை, எப்போது வருவார் என்று பதில் வந்தது. குமாஸ்தா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். இல்லை என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை காரியம் செய்கிறோம், கடையில் இல்லை, வீட்டில் இல்லை, சர்க்கரை இல்லை, எல்லாவற்றுக்கும் அதே இல்லை. கேட்டவர் மேல் தப்பில்லை. நான் என்ன எழுதச் சொல்வது என்று யோசிப்பதற்குள் வாலு, அவர் லேட் என்று தட்டி அனுப்பிவிட்டாள். நன்றி, காத்திருக்கிறோம் என்று வந்தது. (இப்போதும் காத்துக்கொண்டிருக்கலாம் அண்ணா. பொறுமைசாலிகள்.)

பூட்டு விடுபட்டதும் ஒற்றில்லாமல் தப்பாகத் தட்டினேன், திறந்தது. மேசை இழுப்பறையில் இருக்கும் அப்பாவின் போன் முனகியது, குறியீடு அதில் வந்தது, போட்டோம், ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பட்டை போகவில்லை. இந்தச் சந்தாவுக்கு மூன்று கருவிகள்தான், மூன்றும் பயன்பாட்டில் உள்ளன, புதியதைச் சேர்க்க ஒன்றை வெளியேற்றவும் என்று இருந்தது. கீழே பட்டியல். அவர் வைத்த பெயர்கள்தான், அப்பா, பெரியவன், வாலு. ஒவ்வொன்றுக்கும் எதிரே வெளியேற்று என்று ஒரு பொத்தான். மொதல்ல இருக்கிறத எடுங்கக்கா, அந்தப் பெட்டிதான் செத்துப்போச்சே என்றான் திருப்புளி. சரியாகத்தான் சொன்னான். நான் அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் அமுக்கினேன். அப்பாவை வெளியேற்றவா என்று கேட்டது, ஆம், இல்லை என்று கீழே இரண்டு கட்டம். நான் இல்லை என்பதை அமுக்கினேன். திருப்புளி, தப்பாப் பட்டுடுச்சுக்கா, இன்னொருக்கா அமுக்குங்க என்றான். இன்னொரு தடவையும் இல்லையைத்தான் அமுக்கினேன்.  வாலு, என்னை எடுத்திடும்மா, வாலை நறுக்கினா வீட்டுக்கு நல்லதுதானே என்றாள். உனக்குப் பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் அதில்தானே என்றேன். மீதி இருந்தது நீ. பெரிய அலுவலகத்தில் இருக்கிறான், அவர்களே கொடுப்பார்கள், நம்முடையதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்தேன். பெரியவனை வெளியேற்றவா என்று கேட்டது. ஆம் என்றேன். ஒரு தடவைதான் அமுக்கினேன். சிவப்புப் பட்டை போய்விட்டது, குமாஸ்தா மனுவை வாங்கிக்கொண்டு போனார், நாங்கள் கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டோம். உயிரோடு இருக்கிற பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு இறந்துபோன மனிதரை உள்ளே வைத்துக்கொண்டேன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானத்தில் நீ கூப்பிட்டாய். அம்மா, என்னோடது திடீர்னு பூட்டிக்கிச்சு, செவப்பாப் பட்டை வருது, நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்னு போட்டிருக்கு, அங்க ஏதாவது பண்ணீங்களா என்று கேட்டாய். அப்பா போனதிலிருந்து என்னிடம் நீ சேர்ந்தாற்போல் பேசிய நீளமான வாக்கியம் அதுதான், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆமாண்டா, நான்தான் எடுத்தேன், புதுப் பெட்டிக்கு இடம் வேணுமில்ல, ஒனக்குத்தான் ஆபீஸ்லயே குடுப்பாங்களே என்று சொன்னேன். உன் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது, அது சுற்றி முடித்துக் கூவியது, அதன் பிறகுதான், அப்பாவோடத எடுத்திருக்கலாமே என்றாய். அது எப்படிடா என்றேன். என்னை எடுக்க முடிஞ்சுதில்ல என்றாய், கோபமாகக்கூட இல்லை, கடைக்கு வந்த யாரோ ஒருவர் பிரதி எடுக்க முடியுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாய். சரிம்மா, குடுப்பாங்க என்று சொல்லி வைத்துவிட்டாய்.

வைத்த பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிழைதான் என் பிழைப்பு. (இதை அம்மாவே சொன்னாள், நான் சேர்க்கவில்லை. பரம்பரைச் சொத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா.) இங்கே மத்தியானம் என்றால் அங்கே வேலை நேரம். வேலை நேரத்தில் ஒருவன் பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் எதற்கு ஓடுகிறது. முன்பெல்லாம் முகம் பார்த்துப் பேசும்போது உன் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும், வீட்டுக்கு வந்தும் இதைக் கழற்ற மாட்டாயா என்று கிண்டல் செய்வேன், நீ இங்கிருந்து திரும்பிப் போன பிறகு பேசிய ஒரு தடவைகூட அந்த அட்டையை நான் பார்க்கவில்லை, பின்னால் ஒரு திரைச்சீலைதான் இருந்தது. அந்தப் பட்டியலிலேயே உன் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், கடைசியாகப் பயன்படுத்தியது சற்று முன் என்று இருந்தது. பொடி எழுத்தைப் படிப்பதுதான் நான் செய்கிற ஒரே வேலை. அன்றும் படித்தேன், படித்தது உள்ளே இறங்கவில்லை. அலுவலகம் கொடுக்கிறவன் நம் சந்தாவைச் சற்று முன் எதற்குத் திறந்தான், திறந்து என்ன எழுதிக்கொண்டிருந்தான் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு இடத்தில்தான் வந்து நிற்கிறது. வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாய். உனக்கு இப்போது வேலை இல்லை. இந்த வரியைச் சொன்னதும் வாலு எழுதாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், எழுது என்றேன், எழுதிவிட்டாள். அப்பாவுக்காக இங்கே வந்து நீ கூடுதலாகத் தங்கிய நாட்களால்தான் அது போயிற்றா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. என்னைப் பயப்படுத்தக் கூடாது என்று மறைத்தாய். எனக்கு இப்போது பயமும் சரியாக வருவதில்லை, அதனால் மறைக்க வேண்டிய தேவை இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் திறந்தேன். மவுசை நான் பிடிக்கட்டுமா என்றாள் வாலு, வேண்டாம் என்றேன். அப்பாவை வெளியேற்றவா என்று அதே கேள்வி, அதே இரண்டு கட்டம். ஆம் என்று அமுக்கினேன். பெயர் கொஞ்சம் வெளிறிக்கொண்டுபோய் மறைந்தது, கீழே இருந்தவை ஒரு வரி மேலே நகர்ந்து உட்கார்ந்தன. மாற்றம் முழுமையாக நடைமுறைக்கு வரச் சில நாட்கள் ஆகலாம் என்று ஒரு குறிப்பு வந்தது. பரவால்லம்மா, நமக்குந்தான் ஆகுது என்றாள் வாலு. இப்போதாவது எனக்குள் ஏதாவது வரும் என்று நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருவர் இரண்டு பக்கம் நகல் எடுக்க வந்தார், எடுத்துக் கொடுத்தேன். புதுப் பெட்டி எழுத்தும் எண்ணுமாக ஏதோ பெயரோடு வந்திருந்தது, அதையும் மாற்றிவிடலாம் என்றபோது வாலு அதற்கு அம்மா என்று வைக்கச் சொன்னாள். வேண்டாம், கடை என்று வை என்றேன். பிறகு ஒரு காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பொத்தானுக்கு முன்னால் உட்கார வேண்டாம்.

இப்போது பட்டியலில் கடை இருக்கிறது, வாலு இருக்கிறது, மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது, அது உன்னுடையது. நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நிதானமாகச் செய். முதலில் உன் கணினியில் தேதியும் நேரமும் சரியா என்று பார். மென்பொருளில் பழைய கணக்கு எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதிலிருந்து முழுக்க வெளியே வந்து, எல்லாவற்றையும் மூடி, கணினியை ஒரு தடவை அணைத்துப் போடு. கடை மின்னஞ்சலைப் போடாதே, அப்பாவின் சொந்த மின்னஞ்சலைப் போடு. கடவுச்சொல்லை மாற்றலாம் என்று திருப்புளி சொன்னான், நான் மாற்றவில்லை, அந்தத் தப்பு ஒரு இடத்திலாவது இருக்கட்டும். ஒற்றுப் போட்டுவிடாதே, நீயும் என் பிள்ளை, உன் விரலும் திருத்தப் பார்க்கும். அப்புறம் ஒரு குறியீடு கேட்கும். முன்பு அது அப்பாவின் போனுக்கு வரும், அந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்கப்போகிறோம், அதனால் வேறு எண்ணுக்கு மாற்று என்று வாலுவிடம் சொல்லியிருந்தேன். அண்ணனுடைய எண்ணையே போட்டாயா என்று இப்போது கேட்டால் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். வீட்டில் கூடத்தில் இருக்கிறதே கம்பி போன், அதன் எண்ணைப் போட்டிருக்கிறாளாம். குறியீடு எழுத்தாகவே வராதாம், போன் அடிக்கும், எடுத்தால் ஒரு குரல் எண்களைச் சொல்லும், சில நிமிஷத்தில் செல்லாமல் போய்விடும். கடிதத்தில் எழுதி அனுப்ப முடியாது, கட்டை விரலால் வாங்கவும் முடியாது. நீ எங்களைக் கூப்பிட்டு, போனை வைக்காமல் பேச்சில் இருந்தால்தான் உள்ளே வர முடியும். (விண்ணப்பத்தில் நீ எவ்வளவு விவரமானவன் என்று எழுத வேண்டுமானால் முதலில் எங்களுக்கு விவரம் சொல். ஒரே கம்பியில் இரண்டு அழைப்பு எப்படி வரும் என்று கண்டுபிடித்துக் கேட்பாய், தெரியும். கூடத்துப் போனுக்குக் குரல் வரும், நீ என் போனுக்கு வா, நான் நடுவில் நின்று எண்களைச் சொல்கிறேன். ஒரு எண்ணை மாற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன், நீ திரும்பக் கூப்பிட வேண்டும் அல்லவா.) அவளைத் திட்டலாம் என்று பார்த்தேன், வரவில்லை. இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கூப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று இல்லை. குறியீடு கேள், நாங்கள் சொல்கிறோம், அது போதும். அங்கேயே இருந்து தேடுவதானால் தேடு, இங்கே வந்து இருந்து தேடுவதானால் உன் அறையில் நான் ஒன்றையும் நகர்த்தவில்லை, காகிதக் கட்டு கொஞ்சம் அடுக்கியிருக்கிறேன், எடுத்துவிடுவேன். வெறும் வயிற்றில் காபி மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. பகலில் கொஞ்ச நேரமாவது திரைச்சீலையைத் திறந்து வை. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன், இந்த உலகத்தில் நான் உனக்காகச் செய்யத் தெரிந்த ஒன்று அது. உடம்பும் மனசும் குறைவில்லாமல் இரு, உனக்கு வர வேண்டிய நல்லது வழி தெரியாமல் சுற்றாமல் நேராக வரட்டும்.

இந்தக் கடிதத்தையும் வாங்கிப் படித்துப் பார்த்தேன். வாலுவின் அடைப்புகளை எல்லாம் அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தாள், அதையும் போடவில்லை.

மறக்காமல் கூப்பிடு.

இப்படிக்கு,
சொன்னது அம்மா
எழுதியது வாலு

(அண்ணா, இது அம்மா எழுந்து போன பிறகு எழுதுவது. உறையின் மேல் உன் பெயருக்குப் பதிலாக நான் பெரியவன் என்று கொட்டை எழுத்தில் எழுதி, அன்றைக்கு நடந்ததை நினைத்து விளையாட்டாகக் குறுக்கே ஒரு கோடு போட்டு, வெளியேற்றியாச்சு என்று பக்கத்தில் கிறுக்கியிருந்தேன், உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று. அம்மா பார்த்தாள். உறையை வாங்கி மேசையில் வைத்து, என் கையிலிருந்து பேனாவை எடுத்து, நான் அடித்த உன் பெயருக்கு அடியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். கடைசிப் புள்ளி கொஞ்சம் பரவியிருக்கும், அது மை இல்லை. உறையைக் கிழிக்கும்போது அந்த இடத்தைக் கிழித்துவிடாதே.)